கர்னல் மூக்கும் கொள்ளுப்பேரன் வாயும்

உலகத்தில் கொள்ளுப்பேரனாகப் பிறக்காத ஆண்பிள்ளை கிடையாது. நீங்களும் யாரோ ஒருவருக்குக் கொள்ளுப்பேரன்தான், இல்லையென்றால் கொள்ளுப்பேத்தி. ஆனால் அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். நான் சொல்ல வருவது அதையே முழுநேர உத்தியோகமாக வைத்துக்கொண்டிருக்கும் இனத்தைப் பற்றி. தொழில்முறைக் கொள்ளுப்பேரன் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சதுக்கத்தில் இருக்கும் சிலையைக் கடக்கும்போது நாமெல்லாம் அதன் தலையில் இருக்கும் புறாவைப் பார்ப்போம். இவர் தன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொள்வார். தெருப் பெயர்ப் பலகையில் தன் குடும்பப் பெயர் இருந்தால் கைக்குட்டையால் தூசி தட்டுவார், இல்லாவிட்டால் நகராட்சிக்கு மனு எழுதுவார். கூட்டங்களில் முதல் வரிசையில் இடம் இல்லை என்றால் உட்காரவே மாட்டார். அங்கே உட்கார்ந்திருப்பவர் கூச்சப்பட்டு எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருநூறு வருஷத்துச் சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் "நாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். "ஸ்பானியப் படை வந்தப்போ நாங்க பாலத்தை விட்டுக் கொடுக்கல." யார் இந்த நாங்கள்? இவருக்கு ஆற்றங்கரைக் காற்றே ஆகாது. ஜலதோஷம் பிடிக்கும்.

எங்கள் வில்லா கந்தெலாரியாவில் இந்த இனம் நிறைய உண்டு. ஊர் சின்னது, சரித்திரம் பெரியது, ஆகவே பங்கு போட்டுக்கொள்ள வசதி. அவர்களுக்குள் முதலிடம் தோன் ஃபாப்ரிசியோ லிசாராசுவுக்குத்தான். ஸ்பானியருக்கு எதிரான சுதந்திரப் போரில் எங்கள் ஊர்ப் பாலத்தைக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு காப்பாற்றிய கர்னல் லிசாராசுவின் கொள்ளுப்பேரன் அவர். சரியாகக் கணக்குப் பார்த்தால் எள்ளுப்பேரனுக்கும் கீழே எங்கேயோ வருகிறார். ஆனால் தூரம் கூடினால் மவுசு குறையும் அல்லவா? அதனால் நடுவில் இரண்டு தலைமுறையை ஓசைப்படாமல் விழுங்கிவிட்டார்.

தோன் ஃபாப்ரிசியோ பல் வைத்தியர். ஒரு கொள்ளுப்பேரனுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உலகத்தில் இல்லை. எதிராளி வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பான், வாய்க்குள் இரண்டு கருவியும் ஒரு பஞ்சும் இருக்கும், எழுந்து ஓட முடியாது, மறுத்துப் பேசவும் முடியாது. எங்கள் ஊரில் கடைவாய்ப் பல் அடைத்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் பாலத்துச் சண்டை மனப்பாடம். வேர் வைத்தியம் செய்துகொண்டவர்களுக்குக் கர்னலின் குதிரையுடைய தாய் யார் என்பதுகூடத் தெரியும்.

இப்படிப்பட்ட கர்னலுக்கு ஒரே ஒரு குறை. முகம் இல்லை. அவரை உயிரோடு இருக்கும்போது யாரும் வரையவில்லை; போர் முடிந்த கையோடு அவர் செத்தும் போனார். மூக்கு மட்டும் கழுகு மூக்கு என்று தோன் ஃபாப்ரிசியோ சொல்லிவந்தார். ஆதாரம் கேட்டால் பக்கவாட்டில் திரும்பிக் காட்டுவார்.

அந்த நிலையில்தான் ரெனாத்தா கோல்கே டீச்சர் கண்காட்சி வைக்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. டீச்சர் பெண்கள் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கூஜாவும் ஆப்பிளும் வரைந்து அடி வாங்கியவர்கள். அவர் தனக்கென்று ஒரு கண்காட்சி வைத்ததே கிடையாது. இதுதான் முதல் தடவை. ரயில் வராமல் போய், நகராட்சி வெள்ளையடித்துக் கலைக்கூடம் என்று பெயர் வைத்த பழைய ரயில் நிலையத்தில், ஊர்ச் சரித்திரத்தில் வரும் மனிதர்களின் முகங்கள். அதில் கர்னல் படத்தை நகராட்சி வாங்கிக்கொள்ளும் என்றும், இனிமேல் பள்ளிப் புத்தகத்திலும் திருவிழாக் கொடியிலும் பாலத்தின் முகப்பிலும் அந்த முகம்தான் என்றும் மேயர் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். இருநூறு வருஷமாகக் காலியாக இருந்த ஒரு முகம். அதில் யார் மூக்கு உட்காரப்போகிறது?

டீச்சருக்கு அந்தச் சமயம் பார்த்துப் பல்வலி வந்தது.

"கர்னலை வரையறீங்களாமே?" என்று கேட்டார் தோன் ஃபாப்ரிசியோ, கருவியை உள்ளே விட்டபடி.

"ஆ."

"அவரை நேர்ல பார்த்தவங்க யாரும் இல்ல. ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்கு டீச்சர். ரத்தம் பேசும். மாடலுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்னுதான் சொல்றேன். புரியுதுல்ல?"

"ஆ... ஆ."

"அவ்வளவு அவசரம் எதுக்கு? வியாழக்கிழமை வரேன்."

வியாழக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்தார். சிவப்புத் திரைச்சீலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையை இடுப்பில் வாளாகச் செருகிக்கொண்டு, ஊர் நடுவே நடந்தே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி தோன்யா கிரிசெல்டா வந்தது திரைச்சீலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதற்காக.

"வரவேற்பறை ஜன்னல் அம்மணமா நிக்குது டீச்சர். சீக்கிரம் வரைஞ்சு அனுப்பிடுங்க."

தோன் ஃபாப்ரிசியோ ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கர்னலை டீச்சர் முந்தின வாரமே வரைந்து முடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கை கழுவினார், தூரிகையைத் துடைத்தார், மறுபடி கை கழுவினார்.

"மூக்கு தெரியுதா டீச்சர்?"

"ஊருக்கே தெரியுது டாக்டர்."

"இடப்பக்கமா, வலப்பக்கமா? எது நல்லா இருக்கு?"

"வாயை மூடினா ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்."

மூடவில்லை. பாலத்துச் சண்டையை ஆரம்பித்தார். எதிரிப்படை அக்கரையில் வந்து நிற்கும் கட்டம் வந்ததும், "இப்படித்தான் பார்த்திருப்பார்" என்று சொல்லி, தாடையை உயர்த்தி, கண்ணை இடுக்கி, உலகத்தில் தன்னைத் தவிர எல்லாமே சேறு என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் துடைப்பதை நிறுத்தினார். அவரை அப்போதுதான் முதல்தடவை பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார். பிறகு புதுத் துணி ஒன்றைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, "அப்படியே இருங்க டாக்டர். அசையாதீங்க" என்றார்.

சாயங்காலம்வரை அவர் அசையவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம், "பார்த்தியா? கடைசியில ரத்தம்தான் பேசுச்சு" என்றார்.

"ரத்தம் பேசினது எனக்குக் கேட்கல. நீ பேசினது கேட்டுச்சு" என்றார் கிரிசெல்டா, திரைச்சீலையை மடித்துக்கொண்டே.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும். ஊரே வந்திருந்தது, இலவசமாகச் சால்தேன்யா கொடுக்கிறார்கள் என்றால் வராமல் இருப்பார்களா? அதைச் சுட்டுக் கொண்டுவந்திருந்தது சந்தைக்கடை தோரிபியோ. தோரிபியோ தடித்த மனிதர், சிரித்த முகம், முன்பல் ஒன்று கிடையாது, அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. மாவுக்குள் இறைச்சியும் பட்டாணியும் வைத்துச் சுடும் அவருடைய சால்தேன்யாவுக்குள் குழம்பு ததும்பிக்கொண்டிருக்கும்; நிமிர்த்திப் பிடித்து, மேல்முனையைக் கடித்து, குழம்பை உறிஞ்சிவிட்டுத்தான் மற்றதைத் தின்ன வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினால் ஊர் சிரிக்கும்.

டீச்சர் அங்கே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எந்தப் படத்துக்கு அடியிலும் பெயர் இல்லை. "முதல்ல முகத்தைப் பாருங்க. பேரை நானே பன்னெண்டு மணிக்குச் சொல்றேன். பேரைப் படிச்சிட்டா அப்புறம் எவனும் முகத்தைப் பார்க்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு, வியர்த்த கைகளைப் பாவாடையில் துடைத்தபடி உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவருக்கு அன்றைக்குத்தான் பரீட்சை.

நல்ல நிபந்தனைதான். ஆனால் கூட்டத்தில் கொள்ளுப்பேரன்கள் இருக்கும்போது வைக்கக்கூடிய நிபந்தனையா அது? கதவு திறந்த மாத்திரத்தில் எல்லாரும் அவரவர் தாத்தாவைப் பிடித்துக்கொண்டார்கள். வக்கீல் குடும்பம் ஒரு பிஷப்பைத் தங்கள் நீதிபதி என்று கும்பிட்டது. ஒரு கன்னியாஸ்திரி மடத்துத் தலைவிக்கு மட்டும் மூன்று குடும்பம் அடித்துக்கொண்டன. மடத்துத் தலைவிக்குக் குடும்பம் ஏது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன் ஃபாப்ரிசியோ தேடவே இல்லை. நடுக் கூடத்தில், எல்லாவற்றிலும் பெரிய சட்டத்துக்குள், சிவப்பு மேலங்கியும் கையில் வாளுமாக ஒருவர் நின்றார். உயர்த்திய தாடை, இடுக்கிய கண், நடுவே அந்த மூக்கு. உலகமே அவருக்குச் சேறு.

அவர் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது, அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் போய், அதே பக்கமாகத் திரும்பி நின்றார்.

கூட்டம் சேர்ந்தது. செல்பேசிகள் மேலே எழுந்தன.

"என்ன டாக்டர், அச்சு அசல் நீங்களேதான்" என்றார் யாரோ.

"நான் என்ன? நான் வெறும் நகல்" என்றார் அவர் அடக்கத்தோடு. பிறகு பாலத்துச் சண்டையைத் தொடங்கினார். வாயில் பஞ்சும் கருவியும் இல்லாத ஆட்களின் காதுகள் அவருக்கு இத்தனை கிடைத்ததே இல்லை. பேச்சு சூடு பிடிக்க, தோரிபியோ நீட்டிய தட்டிலிருந்து ஒரு சால்தேன்யாவை எடுத்து, அதை வாள்போல் நீட்டி, எதிரியைச் சுட்டினார். "அதோ அக்கரையில வந்து நிக்கிறான் பிரிகேடியர் பெர்னால்டெஸ். கோழை. நம்ம ஊரைக் கொளுத்திட்டு, நாம துரத்தினதும் கன்னியாஸ்திரி அங்கியைப் போட்டுக்கிட்டு ஓடினவன். அவன் முகத்துலயே எழுதியிருக்கும், அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு."

மாதாகோவில் மணி பன்னிரண்டு அடித்தது. டீச்சர் எழுந்து, பள்ளிக்கூடத்துப் பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பிரம்பைக் கண்டதும் ஊரில் பாதிப் பேர் தங்களையறியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

முதல் படம், ஊரை நிறுவிய பாதிரியார். இரண்டாவது, தண்ணீர்க் கால்வாய் வெட்டியவர். வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடுக் கூடத்துக்கு வந்தார். பிரம்பைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன்.

"இது பிரிகேடியர் பெர்னால்டெஸ்" என்றார்.

கூடத்தில் யாரோ இருமினார்கள். அந்த பெர்னால்டெஸை நாங்கள் வருஷா வருஷம் வைக்கோலில் செய்து ஊர்த் திருநாளன்று பாலத்தில் வைத்துக் கொளுத்துகிறோம். பேச்சு வராத குழந்தைகூட அவன் பெயரைச் சொன்னால் துப்பும்.

"டீச்சர், தப்பா சொல்றீங்க" என்றார் தோன் ஃபாப்ரிசியோ. சால்தேன்யா இன்னும் அக்கரையைக் குறிவைத்தபடி இருந்தது. "இது கர்னல்."

"வரைஞ்சது நான் டாக்டர்."

"மூக்கைப் பாருங்க. இது எங்க மூக்கு. இது... இது நான்."

"நீங்கதான். இல்லன்னு யார் சொன்னா? கூப்பிடாமலேயே வந்து ஒரு நாள் பூரா உட்கார்ந்தீங்க. வீணாக்க மனசு வரல. பிரிகேடியருக்கு முகம் கிடைக்காம மாசக்கணக்கா தவிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு ஊரையே சேறா பார்க்கிற பார்வை வேணும். நீங்க பார்த்தீங்க."

"அப்போ கர்னல் எங்க?"

டீச்சர் பிரம்பால் காட்டினார். பழைய டிக்கெட் ஜன்னல் பக்கத்தில், யாரும் உரிமை கொண்டாடாத ஒரே படம் அதுதான். தடித்த ஒருவர், சட்டைப் பொத்தான் இரண்டு கழன்று, முகமெல்லாம் வியர்வையாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வேண்டுமானால் உருளைக்கிழங்கு என்று சொல்லலாம்.

தோன் ஃபாப்ரிசியோ அதன் அருகே போனார். பல் வைத்தியர்களுக்கு முகம் மறந்துபோகும், வாய் மறக்காது. குனிந்து பார்த்தார்.

"இந்தப் பல்லு..." என்றார் மெல்ல. "மேல் வரிசை, இடது முன்பல். போன மழைக்காலத்துல நான் பிடுங்கினது."

"வலிக்கவே இல்ல டாக்டரய்யா" என்றார் பின்னாலிருந்து தோரிபியோ, ஆறுதலாக.

"சால்தேன்யாக்காரனையா கர்னலா போட்டிருக்கீங்க?"

"எதிரி பீரங்கியைக் காட்டினப்போ பாலத்துல நின்னு சிரிச்சார்னுதானே நாம எல்லாரும் சொல்றோம்?" என்றார் டீச்சர். பிரம்பை இறக்கவில்லை. "அப்போ சிரிக்கத் தெரிஞ்ச ஆள்தானே வேணும். ஊர் முழுக்கத் தேடினேன். எல்லாரும் வம்சத்தோட உட்கார்ந்திருந்தாங்க. இவர் ஒருத்தர்தான் சிரிச்சார்."

மேயர் தொண்டையைக் கனைத்தார். தோன் ஃபாப்ரிசியோ நகராட்சிக் கலைக்குழுவில் உறுப்பினர் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் சுவரிலிருந்து இறங்கிவிடும், டீச்சரின் முதல் கண்காட்சியும் அதோடு கடைசிக் கண்காட்சியாகிவிடும். "நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்? வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார் மேயர்.

ஊரே அவரைப் பார்த்தது. டீச்சர் தரையைப் பார்த்தார். தோன் ஃபாப்ரிசியோ நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்து, கையை ஓங்கினார். ஓங்கிய கையில் சால்தேன்யா இருந்தது. உணர்ச்சிவசத்தில் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாரோ தெரியாது. அது வெடித்து, குழம்பு முழுவதும் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கி, அங்கிருந்து வெள்ளைச் சட்டைக்குப் பாய்ந்து, கடைசியாக ஒரே ஒரு பட்டாணி அவருடைய அந்த மூக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது.

முதலில் சிரித்தது தோரிபியோதான். பாவம், அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வாய் முழுவதும் திறந்து, வயிறு குலுங்க, பல் போன இடம் தெரியச் சிரித்தார். அவர் தலைக்குப் பின்னால் படத்தில் கர்னல் அதேபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் இவரைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு கூடமே தட்டியது. அதற்குப் பிறகு யாரும் கலைக்குழுவின் கருத்தைக் கேட்கவில்லை.

டீச்சர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான்.

அதன்பிறகு சில நாட்கள் பல் வைத்தியசாலை திறக்கவில்லை. தோன் ஃபாப்ரிசியோ முகச்சவரம் செய்வதையும் நிறுத்திவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் பெர்னால்டெஸ் தெரிகிறானாம். சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துக் கிரிசெல்டாவுக்கே மனம் கேட்கவில்லை.

"இதோ பாரு, ஃபாப்ரிசியோ. அங்க மாட்டியிருந்த படத்துலயே உன்னோடதுதான் நல்லா வந்திருக்கு. டீச்சரே என்கிட்ட சொன்னாங்க. தலைநகர்லேருந்து வந்த ஒருத்தர் அதன் முன்னாடியே ரொம்ப நேரம் நின்னாராம்."

அவர் தலை நிமிர்ந்தது. "எதைப் பார்த்தார்? மூக்கையா?"

"மூக்கைத்தான்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு, "எங்க அம்மா வழியில ஒரு பெர்னால்டெஸ் உண்டுன்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன்" என்றார்.

"உங்க அம்மா வழி ஆளுங்க சோளம் வித்தவங்க."

"மறைஞ்சு வாழ்ந்த காலம் அது."

"கன்னியாஸ்திரி அங்கியில ஓடினவருக்குப் புள்ளகுட்டி எப்படி வந்துச்சாம்?"

"அங்கியைக் கழட்டாமலேவா இருந்திருப்பார்?" என்றார் தோன் ஃபாப்ரிசியோ.

மறுநாள் காலை வைத்தியசாலை திறந்தது. டீச்சரிடம் அவர் விலை கொடுத்து வாங்கிவந்த பிரிகேடியர் படம் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், நோயாளியின் கண்ணுக்கு நேரே தொங்கியது. வாயைத் திறந்தவர்கள் புதுக் கதை கேட்டார்கள்: பெர்னால்டெஸ் ஒரு கட்டுப்பாடான சிப்பாய், மேலிடத்து உத்தரவு, ஊர் எரிந்த அன்று காற்று அதிகம், கன்னியாஸ்திரி அங்கி ஒரு போர்த் தந்திரம். "ஆ" என்றார்கள் எல்லாரும்.

அந்த வருஷத் திருநாளுக்கு வைக்கோல் பொம்மை செய்தவர்களுக்கு இனி முகத்துக்குப் பஞ்சமில்லை. படத்தைப் பார்த்து அப்படியே மூக்கு வைத்தார்கள். கொளுத்துவதற்கு முன்னால் தோன் ஃபாப்ரிசியோ பாலத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பையன்கள் ஒதுங்கினார்கள். அவர் பொம்மையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணை இடுக்கினார்.

"வளைவு பத்தாது" என்றார். "இன்னும் கொஞ்சம் வைக்கோல் வை. எங்க குடும்பத்து மூக்கு இப்படிச் சப்பையா இருக்காது."

அன்றைக்கு விழா மேடையில் முதல் வரிசையில் தோரிபியோ உட்கார்ந்திருந்தார். புதுக் கோட்டு, புதுக் கழுத்துப்பட்டை. முகத்தில் சிரிப்பைக் காணோம். நான் போய் ஒரு சால்தேன்யா கேட்டேன். அவர் என்னைப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வியாபாரம் இல்ல தம்பி. இந்தப் பாலத்துல நாங்க என்ன பாடு பட்டோம்னு உனக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். வீட்டுக்கு வர இருட்டிவிட்டது.

ஆக, இந்த வியாதி ரத்தத்தில் வருவதல்ல, தொற்றுவது. யாராவது இரண்டு பேர் "அப்படியே அவரேதான்" என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். உங்களுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, நீங்கள் சொந்த மூக்கோடு நடமாடுகிறவர் என்பதும் எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. யாராவது உங்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், "சேச்சே, எங்க பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் கிடையாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.